ஒரு மூச்சுக்குப் பத்து மந்திரம்

பெப்ரவரி 11
கடலட்டை குறைவு. மூச்சும் குறைவு. கடலடிக்குச் சுழியோடும்போது எனக்குக் கடிகாரம் மாதாவுக்குச் சொல்லும் அருள்நிறை மந்திரம்தான். முன்பு ஒரு மூச்சில் பத்துச் சொல்வேன். இன்று எட்டாவதில் மேலே வந்துவிட்டேன். வயது என்று மனைவி லவீனாவிடம் சொன்னேன். "முப்பத்தாறு ஒரு வயதே?" என்றாள்.

பெப்ரவரி 12
சிகரெட் காரணமாக இருக்க முடியாது. அதைப் போன தவக்காலமே விட்டாயிற்று, சுவாமியாரிடமும் சொல்லியாயிற்று. இப்போது மச்சான் பிரான்சிலிருந்து கொண்டுவந்த வேப் என்ற பற்றரிக் குழல் மட்டும்தான், இழுத்தால் மாம்பழ வாசம். "வெறும் ஆவி" என்றான். புட்டு அவித்தாலும் ஆவிதானே வருகிறது.

பெப்ரவரி 20
வேப்பில் ஊற்றும் திரவம் வாங்கப் போன் கடைக்குப் போனேன். உள்ளே சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. பஞ்சலிங்கம். விற்கத் தடை என்று கடைக்காரரின் பெட்டிகளை அள்ளிக்கொண்டிருந்தார். என் சட்டைப்பையில் நீட்டிக்கொண்டிருப்பது என்ன என்றார்.

"முட்டுக்கு இழுக்கிற மருந்து, சேர்."

எனக்கு ஆஸ்துமா என்று எங்கிருந்துதான் அந்தப் பொய் வந்ததோ.

"நீர் சுழியோடுற ஆளெல்லே? முட்டு வருத்தத்தோடை இறங்கலாமோ?" மிகவும் கவலைப்பட்டார். நல்ல மனிதர்.

பெப்ரவரி 21
அவர் சொல்லி, கடற்றொழிலாளர் சங்கச் செயலாளர் அடைக்கலநாதன் அண்ணை வீட்டுக்கே வந்துவிட்டார். "முட்டுக்காரரை இறக்கேலாது, ஜெனிஸ்ரன். முட்டு இல்லையெண்டு டொக்டரிட்டை ஒரு துண்டு எழுதி வாங்கி வா."

இல்லாத வருத்தத்தை இல்லை என்று எழுத எவ்வளவு நேரம் பிடிக்கும்?

மார்ச் 3
ஆஸ்பத்திரியில் குழாய்க்குள் ஊதச் சொன்னார்கள். ஊதினேன். மூன்றாம் தரமும் ஊதியபின் டொக்டர் அம்மா பேனையை மூடிவைத்தார். "முட்டு இல்லையெண்டு நான் எழுதேலாது. என்ன இழுக்கிறனீங்கள்?"

சொன்னேன். மாம்பழம் என்பதையும் சொன்னேன்.

மூச்சுக்குழாய் வீங்கியிருக்கிறதாம். வேப்பை நிறுத்தினால் குறையலாமாம். குறையும் என்று சொல்லவில்லை.

கடலுக்குள்ளை இறங்கேலாட்டி நான் என்ன செய்யிறது? வேறை என்ன தெரியும் எனக்கு?

மார்ச் 4
வேப்பைப் பஞ்சலிங்கத்திடம் கொடுத்து, பொய்யையும் ஒப்புக்கொண்டேன்.

"எனக்கு அண்டைக்கே தெரியும். முட்டு மருந்து மாம்பழம் மணக்காது. டொக்டர் ஒருக்கா பாக்கட்டும் எண்டுதான் சங்கத்துக்குச் சொன்னனான்."

மார்ச் 5
விபூதிப் புதன், தவக்காலம் தொடங்குகிறது. இந்தமுறை விடுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 9
மறுபடி ஊதினேன். துண்டு இன்னும் இல்லை. படகில் மோட்டார் பிடிக்கிறேன். மற்றவர்கள் இறங்குகிறார்கள்.

ஏப்ரல் 27
வீட்டில் மூச்சுப் பிடித்துப் பார்த்தேன். லவீனா பக்கத்திலிருந்து மந்திரம் சொல்லி எண்ணினாள். பத்து வந்தது.

அவள் இவ்வளவு வேகமாகச் செபம் சொல்லி நான் இதுவரை கேட்டதில்லை.