திரும்பி வந்த டிரம்

அன்புள்ள அம்மா, நான் நலம். உன் மூட்டுவலி தேவலையா?

ரசாயனச் சரக்கு இறக்கியபின் திரும்பி வரும் பிளாஸ்டிக் டிரம்களைக் கழுவி மறுபடி நிரப்ப அனுப்புவதுதான் எங்கள் வேலை. நேற்று ஒன்றுக்குள் தலையை விட்டுத் தேய்த்த என் அறைத்தோழன் நெட்டையன் மயங்கிவிட்டான். நான்தான் வெளியே இழுத்தேன். ஆஸ்பத்திரியில் கண் விழித்துவிட்டான், பயமில்லை.

அதே டிரம்மை மேஸ்திரி என் பக்கம் உருட்டினார். “காலி டிரம்முல என்னப்பா இருக்கப்போகுது?”

“மருந்து நெடி சார். நீங்களே மோந்து பாருங்க.”

“சரி, ஓரமா வை. புதுசா வர்றவன் கழுவட்டும்.”

அவர் போனதும் உளியால் அதன் அடியில் ஓட்டை போட்டுவிட்டேன். இனி அதை நிரப்ப முடியாது, யாரும் கழுவவும் வேண்டாம். இன்னும் யாரும் கேட்கவில்லை. கேட்டால் வேலை போகும்.

அறையில் பக்கத்துக் கட்டில் காலி. மூக்கில் கட்டிக்கொள்ள உன் பழைய சேலை ஒன்று அனுப்பம்மா. துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்பு.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது.

உன் மகன்