விளக்கறைப் பாட்டு

மார்ச் 3, காலை 7.10

யூரோப்பா துளைநிலையம். பதிவு செய்பவர், பொறியாளர் நப்பின்னை. வியாழனின் இந்தப் பனி நிலாவில் நானும் ஃபெலிக்ஸ் அண்ணனும்தான். அவர் துளைப்பொறியை ஓட்டுகிறார். தூத்துக்குடிக்காரர், வாய் ஓயாது.

துளைப்பு சீராக நடக்கிறது. காற்றின் தரத்தைப் பார்க்கும் கருவி நேற்றும் காரணமில்லாமல் அலறியது.

ஓய்வு நாளில் வழக்கம்போல் அண்ணனின் பழைய வீடியோ கேம் ஆடினோம். இருட்டுச் சுரங்கம், துரத்தும் பேய்கள். நடுநடுவே ஒரு விளக்கறை வரும். உள்ளே நுழைந்ததும் மெல்லிய பாட்டு ஒன்று தொடங்கும். அங்கே பேய் வராது. பாட்டு கேட்டதும் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு டீ போடுவது எங்கள் வழக்கம். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் அந்தப் பாட்டு முடியாது, சுற்றிச் சுற்றி வரும்.

நேற்று அதைக் கேட்டு அழுதுவிட்டேன். அண்ணன் பார்க்காதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கேம் பாட்டுக்கு அழுகிற பொறியாளரை யார் மதிப்பார்கள்?

மார்ச் 9, மாலை 6.40

அபாய ஒலியை மாற்றிவிட்டேன்.

விதிப்படி அதைத் தொடக் கூடாது. ஆனால் பொய்யாகவே ஒரு வாரமாக அலறிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு முறையும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். இன்று கழிவறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதனால் அந்த ஊளைக்குப் பதில் விளக்கறைப் பாட்டை வைத்தேன். எங்கள் விண்ணுடைகளிலும் இனி அதுதான் ஒலிக்கும்.

அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார். கழிவறைக் கதையை எந்த முகத்தோடு சொல்வது?

மார்ச் 11, பிற்பகல் 2.20

அண்ணன் கீழே பனிச் சுரங்கத்தில் இருக்கிறார். வானொலியில் அழைத்தார்.

"எம்மா, பாட்டு கேக்குது. நீயா போட்டுவிட்ட?"

என் திரையில் அவர் உடையின் காற்று சிவப்பு காட்டியது. வாரம் முழுக்கப் பொய்ச் சிவப்புதானே என்று நினைத்தேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

"ஆமாண்ணே, சும்மா போட்டேன்."

"நல்ல காரியம் பண்ணுன. முதுகு விண்டு போச்சு. செத்த உக்காந்துக்கிடுதேன். டீயப் போடு, வாரேன்."

டீ போடப் போனேன்.

2.45

மாற்றுக் கருவியிலும் பார்த்தேன். பொய் இல்லை. அவர் உடையின் வடிகட்டி அடைத்துவிட்டது. விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கிறார்.

"அண்ணே, எந்திரிங்க! அது பாட்டு இல்ல, அபாய மணி! நான்தான் மாத்தி வச்சேன்!"

சிரிக்கிறார். பேச்சு குழறுகிறது.

"வெளையாடாதம்மா. வெளக்கறையில இருக்கேன்லா... இங்க ஒண்ணும் வராது."

உடையை நிலையத்தில் மாட்டினால்தான் ஒலியை மாற்ற முடியும். நான் இறங்கிப் போகிறேன்.

3.20, குரல் பதிவு

கண்டுபிடித்துவிட்டேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். கன்ட்ரோலரைப் பிடித்திருப்பதுபோல் இரண்டு கையும் மடியில். உயிர் இருக்கிறது.

என் குழாயை அவர் உடையில் செருகிவிட்டேன். ஒரு வடிகட்டியில் இரண்டு பேர் மூச்சு. ரொம்ப நேரம் தாங்காது. ஆனால் இங்கே எடை குறைவு, இழுத்துக்கொண்டே போகலாம். மேலே போகும் கூண்டு கண்ணுக்குத் தெரிகிறது. போய்விட முடியும்.

சே! டீ கொதிக்கிற வரைக்கும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேனே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவரே நடந்து வந்திருப்பார்.

3.31, குரல் பதிவு

என் உடையிலும் பாட்டு தொடங்கிவிட்டது.

இது அபாய மணி. நான் வைத்தது. இதைக் கேட்பவர் யாராக இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள், இது அபாய மணி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தோள் இறங்குகிறது. இத்தனை மாதத்தில் முதல்முறையாகப் பயமே இல்லை. வெட்கமாக இருக்கிறது. வெட்கப்படும்போதும் நன்றாக இருக்கிறது.

சும்மா, ஒரு நிமிடம் உட்கார்ந்தேன்.

அண்ணன் கண்ணைத் திறந்தார்.

"டீ ஆச்சாம்மா?"

"ஆச்சுண்ணே."

திரும்பவும் பொய். கூண்டு அங்கேதான் இருக்கிறது... இதோ, எழுந்துவிடுகிறேன். இவ்வளவு தூரம் கேட்டாயிற்று, பாதியில் விடுவானேன்.

பாட்டு முடிந்ததும் கிளம்பிவிடுவோம்.