நாற்பத்திரண்டு அங்குலம்

அன்புள்ள விஷால் அண்ணனுக்கு ஜோதிகா எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் நலம், வெள்ளிக்கிழமை வரைக்கும் நலமாகத்தான் இருப்போம், அதற்குப் பிறகு நீ மனது வைக்க வேண்டும். புனேவில் குளிர் என்றாயே, அம்மா மஃப்ளர் அனுப்புகிறாள், கட்டிக்கொள். எல்லாரும் தூங்கிவிட்டார்கள், தறிக்குப் பின்னால் டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன், கையெழுத்தைப் பார்த்துத் திட்டாதே.

நம் டிரெய்லருக்கு மூன்றாவது ஆக்சில் போட அப்பா அனுமதி வாங்கிவிட்டார், ஓரிக்கை பட்டறையில் வேலை நடக்கிறது. பழைய இரண்டு ஆக்சிலுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளியோ அதே அளவில்தான் புதியதையும் வைக்க வேண்டுமாம். நேற்று ஞாயிற்றுக்கிழமை அளக்கப் போனோம். அப்பாவின் இரும்பு டேப் வழக்கம்போல் காணோம், அம்மா புடவை அளக்கிற நீள டேப்பை எடுத்துப் போனோம். அதில் முதல் ஓர் அடியை எலி தின்றது உனக்கே தெரியும். வீட்டில் புடவை அளக்கும்போது அம்மா டேப்பில் இருப்பதை அப்படியே சொல்வாள், எழுதுகிற நான் பன்னிரண்டைக் கழித்துக்கொள்வேன். அப்பா வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஐம்பத்து நாலு என்று கத்தினார். நான் கழித்து நாற்பத்திரண்டு என்று எழுதிக் கொடுத்தேன். அவர் கழித்துவிட்டுத்தான் சொன்னார் என்று எனக்கு எப்படித் தெரியும், அவர் வாழ்நாளில் ஒரு புடவை அளந்ததில்லையே.

இன்று சாப்பாடு கொண்டுபோனால், பிராக்கெட்டைப் புள்ளி வெல்டில் ஒட்டி, டயரும் மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் என் கைதான் நுழைந்தது. ரொம்ப நெருக்கமா இருக்குது, இன்னொரு தரம் அளந்துடலாம்பா என்றார் வெல்டர் உமாபதி அண்ணன். அப்பா விடுவாரா. "எம் பொண்ணு கணக்குல தொண்ணூத்தெட்டு. நீ எவ்ளோப்பா வாங்கின?" என்று பட்டறைக்கே கேட்கிற மாதிரி கேட்டார். உமாபதி அண்ணன் வெல்டிங் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். நான் சாப்பாட்டை வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை முழு வெல்டு. இப்போது சுத்தியால் தட்டினால் வந்துவிடும், அதற்குப் பிறகு சேஸிஸை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அப்படியே லோடு ஏற்றினால் டயர் உரசி வெடிக்கும், அப்பாதானே ஓட்டுவார் அண்ணா. போனில் சொல்லலாம் என்றால் அம்மா போன் ரிப்பேரில் இருக்கிறது, அப்பா போன் அவர் தலையணைக்கு அடியில். விடியற்காலை புனேவுக்கு லோடு கொண்டுபோகிற கதிர்வேல் மாமாவிடம் இதைக் கொடுக்கிறேன். நீ ஆக்சில் கம்பெனிக்காரன், சொன்னால் அப்பா கேட்பார். வியாழக்கிழமை போன் செய்து மையத்துக்கு மையம் எத்தனை அங்குலம் என்று சும்மா கேட்பதுபோல் கேள். நாற்பத்திரண்டு என்றால் பதறு. என் பெயரை எடுக்காதே. நைட் ஷிஃப்டில் பட்டினி கிடக்காதே.

தங்கை ஜோதிகா

விஷாலுக்கு அப்பா எழுதுவது. கடிதம் போகிறதே, நாமும் இரண்டு வரி எழுதலாம் என்று கதிர்வேலிடம் வாங்கினேன், மொத்தமும் படித்துவிட்டேன். அளவு தப்பு என்று எனக்கு நேற்று, திங்கட்கிழமை சாயங்காலமே தெரியும். எல்லாரும் போன பிறகு தனியாக அளந்து பார்த்தேன். உமாபதியிடம் அவ்வளவு பேசிவிட்டு நானே எப்படிப்பா பிரிக்கச் சொல்வது. அதனால் பாப்பா சொன்னபடியே போன் பண்ணு. பதினோரு மணிக்குப் பண்ணு, உமாபதி பக்கத்தில் இருப்பான், ஸ்பீக்கரில் போடுகிறேன். தப்பாக அளந்தது அப்பாதான் என்று நன்றாகத் திட்டு. நான் படித்தது பாப்பாவுக்குத் தெரிய வேண்டாம். கர்த்தர் உனக்குத் துணையிருப்பார். வியாழன் பதினொன்று, மறந்துவிடாதே.

உன் அப்பா
சிட்டிபாபு