முடிச்சுப் போட்ட பீங்கான்கள்

அன்புத் தோஸ்த் கரீமுக்கு,

இன்று காலை பொறியாளர் நேரில் வந்து சொன்னதையே முதலில் எழுதுகிறேன். உன் ஜப்பான் பீங்கான் அருங்காட்சியகத்தின் மேற்குச் சுவரில் விழுந்த விரிசல் நேற்றைவிட அகலமாகிவிட்டது. யாரும் உள்ளே போகக் கூடாது என்றார். வெளிப்பக்கம் போய்ப் பார்த்தேன். என் விரல் நுனி விரிசலுக்குள் நுழைகிறது.

முந்தாநாள் மதியம் நிலம் லேசாக ஆடியது. ஷூ கம்பெனிகளிலிருந்து எல்லோரும் ஓடிவந்து சாலையில் நின்றார்கள். உன் அலமாரிகளில் ஒரு கிண்ணம்கூட விழவில்லை.

விழாததற்குக் காரணம் நீதான். தோல் வாங்க வந்த ஜப்பான்காரர் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு தட்டையும் ஜாடியையும் மெல்லிய நைலான் நூலால் அலமாரியோடு சேர்த்துக் கட்டினாய். "ஆம்பூர்ல இன்னாத்துக்குய்யா இது? பீங்கான் எழுந்து ஓடிடுமா?" என்று கிண்டல் செய்தேன். "நீ வேணா ஓடு. இதுங்க இங்கியே இருக்கும்" என்றாய்.

இருக்கின்றன கரீம். அதுதான் இப்போது பயமாக இருக்கிறது. எல்லாவற்றையும் கீழே இறக்கியே தீருவேன் என்கிறாள் உன் மகள் நசீமா. ஒரு கையால் பீங்கானைத் தாங்கி, மறு கையால் பிளேடு பிடித்து, முடிச்சு முடிச்சாக அறுக்க வேண்டும். அதுவரை அந்தச் சுவரின் அடியிலேயே நிற்க வேண்டும். நேற்று ஒரு பூ ஜாடியை விடுவிப்பதற்குள் மேலிருந்து காரை பெயர்ந்து அவள் தோளில் விழுந்தது.

"போதும், கீழ வந்துரும்மா" என்றேன்.

"அப்பா இருந்தா இன்னா பண்ணியிருப்பாரு சாச்சா?"

"உன்ன இழுத்துனு வந்திருப்பாரு."

"ஜாடிய மொதல்ல எடுத்துனு வந்திருப்பாரு. உங்க தோஸ்த்த பத்தி எனக்குத் தெரியாதா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னது உண்மையா கரீம்? நீ எதை முதலில் எடுத்திருப்பாய்?

பதில் சொல்ல நீ இல்லை. பொறியாளர் போனதும் அவளிடமிருந்து சாவியை வாங்கிவிட்டேன். அதிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. வீட்டில் இன்னொரு சாவி வைத்திருந்தாயா? அது தெரியாததால் அருங்காட்சியக வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

பீங்கான் அத்தனையும் நொறுங்கினாலும் அவளை உள்ளே விட மாட்டேன். நீ கோபித்துக்கொள், பரவாயில்லை.

சுவருக்கு முட்டுக் கொடுக்க வேலூரிலிருந்து இரும்புக் கம்பங்கள் வியாழக்கிழமை காலை வரும் என்கிறார்கள். அதுவரை சுவர் நிற்குமா என்று பொறியாளரைக் கேட்டேன். "உள்ள மட்டும் யாரையும் விடாதீங்க" என்று மறுபடியும் சொல்லிவிட்டுப் போனார்.

உன் தோஸ்த்,
நசீமாவின் சாச்சா