மஞ்சள் கரிசாலை ஓடையில் கலந்த மருந்தின் பெயர்

அனுப்புநர்:
ராஜமேரி,
க/பெ ஸ்தனிஸ்லாஸ்,
தொப்பூர், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தருமபுரி.

பொருள்: கவிழ்ந்த லாரியிலிருந்து ஓடையில் இறங்கிய மருந்தின் பெயரைக் கண்டறியவும், அங்கே கீரை பறிப்பதைத் தடுக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அய்யா,

1. கல் உடைக்கும் கூலியான என் கணவருக்குப் பத்து நாட்களாக மஞ்சள் காமாலை. கணவாய்ச் சாலைக்குக் கீழே, ஓடைக் கரையின் ஈரத்தில் மஞ்சள் கரிசாலைக் கீரை தானாக முளைத்துப் பூத்துக் கிடக்கும். காமாலைக்கு அதை மோரில் அரைத்துக் கொடுப்பது இப்பக்கத்து வழக்கம். 15.11.86 சனிக்கிழமை காலை ஒரு மடி பறித்து, அந்த ஓடையிலேயே அலசி வந்து கொடுத்தேன். பறிக்கும்போது மண்ணெண்ணெய் வாடை அடித்தது. லாரி ஓடும் சாலைதானே என்று இருந்துவிட்டேன். இதை நான் மறைக்கவில்லை.

2. ஒரு மணி நேரத்தில் அவருக்கு எச்சில் வழிந்து, கைகால் வெட்டி இழுத்தது. "மேரி, கண்ணு தெரியலியே" என்றார். அதன் பிறகு பேசவில்லை. தருமபுரி அரசு மருத்துவமனையில் சேர்த்துள்ளேன். "செடியால இப்படி ஆவாதும்மா. இதுல என்ன பூச்சிமருந்து கலந்துச்சுன்னு தெரியணும்" என்று மருத்துவர் கேட்கிறார்.

3. ஞாயிற்றுக்கிழமை ஓடைக்கு ஓடினேன். பூக்கள் கறுத்திருந்தன, தவளைகள் மல்லாந்து மிதந்தன. சாலையோர டீக்கடை தீர்த்தகிரி சொன்னார்: "வெள்ளிக்கெழம சாயங்காலம் லாரி கவுந்து பீப்பா ஒடஞ்சுதுங்க. அதுல வந்தவங்க, சோப்புத் தண்ணிதான்னு சொல்லிட்டு, லாரிய நிமித்தி மிச்சப் பீப்பாய ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க." லாரி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 4306 என்று அவருக்கு நினைவிருக்கிறது.

4. அப்போதே இண்டூர் குள்ளம்மாள், மகளுக்குக் காமாலை என்று கூடையோடு வந்து, பூ கறுக்காத கீழ்ப்பக்கத்தில் பறித்துக்கொண்டிருந்தார். கூடையைப் பிடுங்கி எறிந்தேன். "ஏங்க, உங்களுக்கு மட்டுந்தானா?" என்று சண்டைக்கு வந்தவர், மேலே கூட்டிப்போய்த் தவளைகளைக் காட்டியதும் உட்கார்ந்துவிட்டார். இருவருமாக முள் வெட்டி வழியை அடைத்தோம்.

5. நேற்று போய்ப் பார்த்தேன். முள் ஒதுக்கிக் கிடந்தது. ஓடையின் கீழ்ப்பக்கம், பூ இன்னும் மஞ்சளாகவே இருக்கும் இடத்தில், யாரோ புதிதாகக் கிள்ளிப்போன காம்புகளைக் கண்டேன். எந்த வீட்டுக்குப் போயிற்றென்று தெரியவில்லை.

ஆகவே, அந்த லாரியைத் தேடிப் பிடித்து, பீப்பாயில் இருந்ததன் பெயரை மருத்துவருக்கு இன்றைக்கே தெரிவிக்கவும், சுற்றுப்பட்ட ஊர்களில் தண்டோரா போடவும் தங்களை மன்றாடிக் கேட்கிறேன். என்மீது குற்றம் என்றால் பிறகு விசாரியுங்கள். கீரையைக் கிள்ளிப்போனவர்கள் இன்னும் அரைக்காமல் இருக்கக்கூடும்.

இடம்: தருமபுரி
நாள்: 18.11.1986

இப்படிக்கு,
கண்ணீருடன்,
ராஜமேரி