மூன்றாம் கட்டம்

பிப்ரவரி 3, திங்கள்

மலைநாட்டுக்காரர் தூங்கும்போதும் அந்தத் தொப்பியோடுதான் தூங்குவாரா? எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் வகுப்பில் இன்று இதைக் கேட்டவள் முதல் பெஞ்சு வாயாடி. "காதெல்லாம் மூடியிருக்கே மிஸ், அவங்க அம்மா சாப்பிடக் கூப்பிட்டா எப்படிக் கேக்கும்?" என்று வேறு சேர்த்துக்கொண்டாள். வகுப்பே சிரித்தது. "பாடத்தைப் பாருங்க" என்றேன். தெரியாதபோதெல்லாம் நான் சொல்வது அதுதான்.

அந்தப் பாடத்தை எழுதியதே நான்தான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, பாடநூல் குழுவில் இருந்தபோது. 'உலக மக்கள்: உணவு, உடை, வீடு.' ஒரு பக்கம், ஆறு கட்டம். பனிநாடு, பாலைவனம், மலைநாடு, தீவு, காடு, சமவெளி. கட்டத்துக்கு ஓர் ஆள், ஒரு வீடு, ஒரு தட்டு. மானிடவியலில் முதுகலை படித்தவள் என்று என்னிடம் தந்தார்கள். நானோ மலையையே பார்த்ததில்லை. மூன்றாம் கட்டத்துக்கு ஒரு பழைய புத்தகத்தைக் காட்டி, இதுபோல வரையுங்கள் என்று ஓவியரிடம் சொன்னேன். அந்தப் புத்தகம் எதைப் பார்த்து வரைந்ததோ. மூன்றே வாரம்தான் கொடுத்திருந்தார்கள் – சரி, இது சாக்கு.

கணவரிடம் சொன்னேன். "கேள்வித்தாளும் நீ, விடைத்தாளும் நீ. அப்புறமும் ஃபெயிலா?" என்று சிரித்தார்.

பிப்ரவரி 6, வியாழன்

வகுப்புக்குப் புதிதாக ஒரு சிறுமி. அப்பா மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அம்மா துணித் தொழிற்சாலையில் தையல் மெஷினில் உட்காருபவர். பிறந்த ஊர் என்ற இடத்தில் எழுதியிருந்தது மலையில் இருக்கும் ஊர்.

தலைமையாசிரியை படிவத்தை எட்டிப் பார்த்தார். "டீச்சர்! மூணாம் கட்டமே நேர்ல வந்து நிக்குது. கண்காட்சிக்கு இதைவிட என்ன வேணும்?"

இருபத்தொன்றாம் தேதி கண்காட்சி. வருடாவருடம் அட்டையில் ஆறு வீடு செய்வோம். வீட்டுக்கு ஒரு பிள்ளை வேஷம் போட்டு நின்று நான்கு வரி ஒப்பிக்கும். இந்த முறை மலைநாட்டுக்கு வேஷம் வேண்டாம், அசல் ஆளே இருக்கிறாள் என்றார். அவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள், தண்ணீர் பாட்டிலைக் கட்டிப் பிடித்தபடி.

"சரி மேடம்" என்றேன்.

சாப்பாட்டு மணிக்குள் வகுப்பில் அவளுக்குப் பெயர் விழுந்துவிட்டது. மூணாம் கட்டம்.

பிப்ரவரி 7, வெள்ளி

ஏன் தலையாட்டினேன்?

பிப்ரவரி 12, புதன்

'குழந்தையை உங்கள் பாரம்பரிய உடையில் அனுப்பவும்' என்று அவள் டைரியில் எழுதி அனுப்பியிருந்தேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் அம்மா வந்தார். வேலைக்குப் போகிற வழி. கழுத்தில் அடையாள அட்டை, சட்டைக் கையில் ஒட்டிய நூல் துணுக்குகள்.

"எந்த டிரஸ் மிஸ்?"

"உங்க டிரஸ்தாங்க. உங்க ஊர்ல போடுறது."

அவர் குனிந்து, தான் போட்டிருந்த பூப்போட்ட சட்டையைப் பார்த்துக்கொண்டார். "ஊர்லயும் இதேதான் மிஸ் போடுவோம். குளிருக்கு மேல ஒரு ஸ்வெட்டர்."

எனக்கு அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. "புத்தகத்துல ஒரு படம் இருக்கு" என்று அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினேன். நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

ஊரை நினைத்து எடுக்கிறார் போல.

பிப்ரவரி 21, வெள்ளி

அவள் வந்து நின்றாள். நீளமான அங்கி, மார்பில் ஏழு கோடு, காது மூடும் தொப்பி. அப்படியே என் படம்.

எங்கள் புத்தகத்தில் அந்த அங்கியின் சிவப்பு, அச்சில் கொஞ்சம் விலகி விளிம்புக்கு வெளியே வழிந்திருக்கும். எல்லாப் பிரதியிலும் அப்படித்தான். பன்னிரண்டு வருடமாக என் கண்ணை உறுத்தும் பிழை. அந்த விலகலையும் மெல்லிய சிவப்புப் பட்டையாக வெட்டி, ஓரத்தில் வைத்துத் தைத்திருந்தார் அவள் அம்மா. ஒரு தையல்கூடக் கோணவில்லை. முதுகுப்பக்கம் வெறும் துணி. படத்தில் முதுகு தெரியாதே.

"அம்மா மூணு நாள் தைச்சாங்க மிஸ். புக்கைப் பார்த்து."

அன்று செல்போனில் படம் எடுத்தது ஊரை நினைத்தல்ல, இதற்குத்தான்; படித்த மடத்தனம் என்பது என்னுடையதுதான்.

தலைமையாசிரியைக்குத் தலைகால் புரியவில்லை. "அசல்னா இது அசல்!" பாடநூல் அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி அவளைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். புதிய பதிப்பில் ஓவியத்தை எடுத்துவிட்டு இவள் போட்டோவைப் போடப் போகிறார்களாம்.

நான் ஒரு மூலையில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 24, திங்கள்

இடைவேளை. அவளைச் சுற்றிக் கூட்டம். வாயாடி கேட்கிறாள்: "உங்க வீடு நெஜமாவே கல்லா?"

"ஆமா. குளிர்காற்றைத் தடுக்கும் தடித்த கற்சுவர்கள்."

பாடத்தில் நான் எழுதிய வரி. ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

கூட்டம் கலைந்ததும் கூப்பிட்டேன். "ஊர்ல நீ இருந்த வீடு எப்படிம்மா இருக்கும்?"

"கல்வீடு மிஸ்."

"நெஜமாவா?"

கால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்தாள். "நாலாவது மாடி மிஸ். பால்கனில தகரம் போட்டிருக்கும், மழை பேஞ்சா டிவி சத்தமே கேக்காது. முதல்ல அதைத்தான் சொன்னேன். பொய் சொல்றேன்னுட்டாங்க. புக்ல அப்படி இல்லையாம்."

எட்டு வயதுப் பிள்ளை தன் வீட்டை விட்டுக்கொடுத்துவிட்டு என் வாக்கியத்துக்குள் குடிபோயிருக்கிறது. விரட்டியது யார்? நான். வேறு யார்?

பிப்ரவரி 26, புதன்

நாளைக் காலை அவள் அம்மா வந்து அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டோவுக்குக் கீழே 'பாரம்பரிய உடையில் மலைநாட்டுச் சிறுமி' என்று வருமாம். ஓவியம் என்றால் தப்பு என்று ஒருநாள் யாராவது சொல்லலாம். போட்டோவை, அதுவும் அந்த ஊர்ப் பிள்ளையின் போட்டோவை, யார் தப்பு என்பார்கள்? அவளாலேயே முடியாதே.

கையெழுத்துக்கு முன்னால் சொல்லிவிடுவேன். அது என் பக்கம், பார்க்காமல் எழுதியது என்று. தலைமையாசிரியை கத்துவார். அம்மா கையெழுத்துப் போட மாட்டார். படம் நின்றுவிடும். இப்படித்தான் நடக்கும்.

"சொல்லு" என்றார் கணவர். "ஆனா சொன்ன உடனே அவங்க உன்னைக் கையெடுத்துக் கும்பிடுவாங்கன்னு மட்டும் நினைச்சுக்காத."

பிப்ரவரி 27, வியாழன்

நடந்தது வேறு.

சொன்னேன். தலைமையாசிரியை கத்தவில்லை. "இப்போ இதை யாரு டீச்சர் கேட்டா?" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பேனாவை அந்த அம்மா பக்கம் நகர்த்தினார்.

அவர் பேனாவைத் தொடவில்லை. என்னைப் பார்த்தார்.

"அது எங்க டிரஸ் இல்லன்னு எனக்குத் தோணுச்சு மிஸ். ஆனா புக்ல போட்டிருக்கே. எங்க அம்மாவுக்கு அந்தப் படத்தை அனுப்பிக் கேட்டேன். அவங்களும் கண்டதில்ல. படிச்சவங்க எழுதினது தப்பா இருக்குமா, நமக்குத்தான் மறந்துபோச்சு போலன்னாங்க. ரெண்டு பேரும் அன்னைக்கு போன்ல அழுதோம்."

பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். "வேணாங்க" என்றேன், கையைப் பிடிக்காத குறையாக.

"புக்ல போட்டோ வருதுன்னு பொண்ணு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கா. இப்போ இல்லன்னா அவ மூஞ்சிய எங்க கொண்டு வைப்பா? முதல் நாளே சொல்லியிருக்கலாமே மிஸ்."

போகும்போது தலைமையாசிரியையிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனார்.

அதிகாரிக்குப் போன் செய்தேன். பக்கம் முடிந்துவிட்டது, கை வைக்க முடியாது, வேண்டுமானால் படத்துக்குக் கீழே வரும் வரியை மாற்றித் தாருங்கள் என்றார். சிறுமியை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, என்ன போடலாம் என்று கேட்டேன்.

"அம்மா தைச்சதுன்னு போடுங்க மிஸ்."

'தன் அம்மா இந்தப் பாடத்தின் பழைய படத்தைப் பார்த்துத் தைத்த உடையில் ஒரு மாணவி' என்று எழுதி அனுப்பினேன். மூன்றரைக்குப் பதில் வந்தது. இடம் போதாததால் சுருக்கிவிட்டார்களாம்: 'தன் அம்மா தைத்த உடையில் மலைநாட்டு மாணவி.'

பள்ளி விட்டதும் பஸ் வரிசையில் நின்றவளிடம் செல்போனை நீட்டினேன். உதடு அசைய இரண்டு தரம் படித்தாள். "அம்மா தைச்சது வந்துருச்சு!" என்றாள்.

படத்தைப் பார்த்துத் தைத்தது என்பதை எடுத்துவிட்டார்கள், அந்தப் படமே தப்பு, அதை எழுதியது நான்தான் – வரிசையில் நின்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கும்படி சொன்னேன்.

வாயாடி வாயைத் திறந்தபடி நின்றாள். இவள் என்னை ஒருமுறை பார்த்தாள். "சரி மிஸ்" என்றாள். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.