பதினாறு என்று படித்தேன்

இன்று ஆபீசில் ஆயுத பூஜை. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டி, "மேடம், கம்ப்யூட்டருக்கெல்லாம் நீங்களே பொட்டு வச்சிடுங்க" என்றாள். பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம். வாசனை ஏறியதும் கிண்ணத்தை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். நீ போய் இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை.

நீ இருந்தபோதே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. மேடவாக்கத்தில் உன் வீட்டுக்கு இங்கிருந்து ஒரே பஸ். ஏறி வந்து இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷமாக மனசு வரவில்லை.

மேற்குத் தாம்பரத்தில் மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்த டிடிபி கடையில் நாம் இரண்டு பேர், ஒரே கம்ப்யூட்டர். காலையில் நீ, மதியத்துக்கு மேல் நான். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் முதல் எழுத்தை நீதான் அடிக்க வேண்டும். உனக்குக் கைராசி என்று ஓனர் முடிவு கட்டியிருந்தார். "மொதல்ல நீ ஒரு எழுத்து தட்டிடும்மா. அப்பால யார் வோணா அடிக்கட்டும்" என்பார். நீ சிரித்துக்கொண்டே தட்டுவாய். "இதெல்லாம் சும்மாடி. ஆனா சொன்னா கேக்க நல்லாதான் இருக்கு" என்று என்னிடம் சொல்வாய்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்குத் தூசி தட்டுவதற்காகப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தோம். வெளியே பொட்டு வைத்தால் போதாது என்று எனக்கு ஒரு கிறுக்கு. எல்லாம் உள்ளே ஹார்ட் டிஸ்கில்தானே இருக்கிறது, அதற்கே வைப்போம் என்று கட்டை விரலால் நன்றாக அப்பினேன். பக்கத்தில் நின்ற நீ, "எங்க வேணா வை, என் மேல மட்டும் வச்சிடாத. எங்க சர்ச் சபையில கேப்பாங்க" என்றாய். விழுந்து விழுந்து சிரித்தோம்.

உங்கள் சபையின் பொன்விழா மலரை நீதான் கடைக்குக் கொண்டுவந்தாய். ஆறு மாதம் அடித்தாய். பழைய ஆட்களின் வீடுகளுக்குப் போய், அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி வந்தாய். அதில் இரண்டு பேர் மலர் வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அடித்து முடித்த கையெழுத்துத் தாள்களை ஓனர் வழக்கம்போலப் பழைய பேப்பரில் போட்டுவிட்டார்.

மலர் அச்சுக்குப் போக நாலு நாள் இருக்கும்போதுதான் அவருக்கு கம்ப்யூட்டரை மாற்ற ஆசை வந்தது. 386 போய் 486. இன்ஜினியர் புது போர்டை மாட்டிவிட்டு, மீதியைக் காலையில் வந்து முடிக்கிறேன் என்று போனவர் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார். மறுநாள் ஸ்விட்சைப் போட்டால் திரை கறுப்பாகவே இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு நீளச் சத்தம், இரண்டு குட்டைச் சத்தம். அதையே திரும்பத் திரும்பச் சொன்னது.

இன்ஜினியரின் பக்கத்து வீட்டு நம்பருக்குப் போன் போட்டுக் கேட்டேன். டிஸ்ப்ளே கார்டு சரியாக உட்காரவில்லை, கழற்றி அதன் பித்தளைப் பல்லை அழிரப்பரால் தேய்த்து மாட்டுங்கள் என்றார். தேய்த்து மாட்டினேன். திரையில் எழுத்து வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அரைகுறையாகப் படித்து நிறுத்தியிருந்த கம்ப்யூட்டர் கோர்ஸ் முழுவதும் அந்த நிமிஷம் மண்டைக்குள் ஏறிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அடுத்து ஹார்ட் டிஸ்கைப் புது போர்டுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். அதன் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் மூன்று எண்கள் இருக்கும், அப்படியே போடுங்கள் என்றிருந்தார். இரண்டு எண்கள் தெளிவாக இருந்தன. மூன்றாவதன் மேல் என் சந்தனம் காய்ந்து கிடந்தது. சுரண்டிப் பார்த்துப் பதினாறு என்று படித்தேன். நீ எட்டிப் பார்த்து, "பதினஞ்சு மாதிரி இல்ல?" என்றாய். "எனக்குத் தெரியும், நீ சும்மா இரு" என்றேன்.

மெஷின் ஆனாகி, ஃபைல்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. மலரின் எண்பது பக்கமும் பெயரளவில் அப்படியே இருந்தன. ஒன்றைத் திறந்தால் உள்ளே கன்னாபின்னா என்று ஏதேதோ குறிகள். அடுத்ததும் அப்படித்தான். போர்டு மாற்றியதில் டிஸ்க் கெட்டுவிட்டது, மொத்தமாக அழித்துவிட்டு, நகல் எடுத்து வைத்திருந்த பிளாப்பியிலிருந்து மறுபடி ஏற்றிக்கொள்ளலாம் என்றேன்.

"ஒருதரம் அவரைக் கேட்டுட்டுச் செய்யலாமே."

"ஜுரத்துல கிடக்கிற மனுஷனை எத்தனை தரம் கூப்பிடறது? பிளாப்பியிலதான் எல்லாம் இருக்கே."

எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது. ஒய் என்றால் சம்மதம். எனக்குக் கை வரவில்லை. நாற்காலியை உன் பக்கம் தள்ளி, "உனக்குதான் கைராசி. நீயே அடி" என்றேன்.

நீ அடித்தாய்.

பன்னிரண்டு பிளாப்பிகளில் ஏழு திறக்கவே இல்லை. மழைக் காலத்தில் பூஞ்சை பிடித்திருந்தது. சாயங்காலம் வந்த ஓனர், "இன்னாமா, யாரு ஒய் அட்ச்சது?" என்று கேட்டார். நீ "நான் சார்" என்றாய். நான் பிளாப்பி டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "கைராசிக்காரின்னு உன்னப் போய் வச்சிகினேன் பாரு" என்றார் அவர். திட்டக்கூட இல்லை. திங்கட்கிழமையிலிருந்து நீ வரவில்லை. மலர் மெலிந்து, பொன்விழா முடிந்த பிறகு வந்தது. அதன் பிறகு சபையில் நீ கடைசி பெஞ்சில் உட்கார ஆரம்பித்தாய் என்று கேள்விப்பட்டேன்.

இரண்டு மாதம் கழித்து இன்ஜினியர் எழுந்து வந்தார். டிஸ்கை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தார். "பதினஞ்சும்மா இது. பதினாறு போட்டிருக்கீங்க. டிஸ்க் கெடவே இல்ல. இதை மட்டும் மாத்தியிருந்தா எல்லாம் அப்படியே திறந்திருக்கும்" என்றார்.

அன்றைக்கே உன்னிடம் வந்திருக்க வேண்டும். கடையில் என்னை வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்ற பயம். பயம் போன பிறகு வெட்கம். கம்ப்யூட்டர் தெரிந்தவர்களை எல்லோரும் கூப்பிட்டு வேலை கொடுத்த காலம் வந்தது. நான் ஏறிக்கொண்டேன். நீ ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் நின்றபடி நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாய். ஒரு தடவை கீழ்க்கட்டளை பஸ் ஸ்டாப்பில் பார்த்தோம். எங்கள் ஆபீசில் டைப் அடிக்க ஆள் எடுக்கிறார்கள் என்றேன். "வேணாம்டி. நான் கை வச்சா விளங்காது" என்றாய். விளையாட்டாகச் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தேன். உன் பஸ் வந்துவிட்டது. பஸ் வராவிட்டாலும் சொல்லியிருப்பேனா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது உன் மகளிடம் சொன்னேன். நான் தேய்த்த சந்தனம், பதினைந்து என்று நீ சொன்னது, நாற்காலியைத் தள்ளியது, இன்ஜினியர் சொன்னது எல்லாவற்றையும். அழுவாள் என்று நினைத்தேன். திட்டினாலும் பரவாயில்லை என்று நின்றேன்.

"நாலு வருஷம் படுக்கையில இருந்தாங்க ஆன்ட்டி. நடுவுல மூணு தடவை வந்தீங்க, ஆப்பிள் வாங்கிட்டு" என்றாள். "ஏன் அம்மாகிட்ட சொல்லல?"